எந்த டிஸ்க் என்று கேட்காதீர்கள்



எங்கள் காலை நடைக் கூட்டத்தில் ஏழு பேர். காந்தி சிலையில் ஆரம்பித்து துய்ப்ளே சிலை வரை போய்த் திரும்புவோம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். முன்பெல்லாம் பேச்சு பஞ்சப்படி, முழங்கால் வலி, மருமகள் என்று மூன்று தலைப்பில் அடங்கிவிடும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதிலிருந்து நான்காவதாக ஒரு தலைப்பு சேர்ந்துவிட்டது. அதுதான் லினக்ஸ். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனம் வராதவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வருகிறார்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு நின்ற 2014இலேயே நான் லினக்ஸ் மின்ட்டுக்கு மாறிவிட்டேன் என்பதால் எனக்குக் கூட்டத்தில் வாத்தியார் பட்டம். பிரான்சின் ழாந்தார்ம்ரி காவல் படையே தன் கம்ப்யூட்டர்களை உபுண்டுவுக்கு மாற்றிக்கொண்டது, நமக்கென்ன பயம் என்று சொல்லித் தைரியம் கொடுப்பேன்.

போன வாரம், மின்துறையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் நடந்துகொண்டே கேட்டார்: "சார், எல்லாத்தையும் பேக்கப் எடுக்கணும். எந்த எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கலாம்? நல்லதா ஒண்ணு சொல்லுங்க."

நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என் மேல் மோதிக்கொண்டார்.

"நல்லதா ஒண்ணு" என்ற அந்த இரண்டு வார்த்தை மேல்தான் என் கோபமெல்லாம். நண்பர் மேல் இல்லை. கடைக்காரர், பையன், பக்கத்து வீட்டு எஞ்சினீயர் என்று யாரைக் கேட்டாலும் உடனே ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்கிறார்கள். ஒன்று வாங்கினால் போதுமா என்று ஒருவரும் திருப்பிக் கேட்பதில்லை. கேள்வியே தப்பு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இன்றைக்கு நான் சொல்லிவிடப் போகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை.

நான் படித்தது முழுக்க பிரெஞ்சில். தமிழ் வீட்டிலும் தெருவிலும் வந்தது. 1972இல் எல்.டி.சி.யாக வேலையில் சேர்ந்தபோது, பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன் என்பதால் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இருந்த அறைக்கு அனுப்பினார்கள். நம்மூர்க்காரர்களுக்கு 'எத்தா சிவில்' என்றால் விளக்கம் வேண்டாம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பிய சொல்தாக்களின் குடும்பங்களுக்கு அந்த ஏட்டின் ஒரு பக்கம்தான் சோறு.

ஒரு நாள் ஒரு சொல்தாவின் விதவை வந்தார். எழுபதைத் தாண்டிய அம்மாள். பென்ஷனுக்குத் திருமணப் பதிவின் நகல் வேண்டும். எங்கள் அலமாரியில் அந்த வருடத்து ஏட்டை எடுத்து விரித்தால் நடுவில் இருபது முப்பது பக்கம் இல்லை. கரையான். விரல் வைத்தால் மாவாக உதிர்ந்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் ஹெட் கிளார்க் மட்டும் நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "ஏன்டா முழிக்கிற? கோர்ட்டு கிரெஃபில இன்னொரு படி இருக்கும். போய்ப் பாரு."

இருந்தது. அதே மையின் கறுப்பு, அதே குமாஸ்தாவின் சாய்ந்த எழுத்து. பிரெஞ்சு சிவில் சட்டப்படி இந்த ஏடுகளை இரண்டு படியாக எழுத வேண்டும். வருடம் முடிந்ததும் ஒன்று கொம்யூன் அலுவலகத்தில் தங்கும், மற்றது நீதிமன்றத்தின் கிரெஃபுக்குப் போகும். நகலை வாங்கிய அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாளை இரண்டு முறை கையால் தடவிப் பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

இரண்டு படி போதுமா என்றால் அதுவும் போதாது. 1871 மே மாதம், பாரீஸ் கொம்யூன் எழுச்சியின் கடைசி வாரத்தில், அந்த நகரத்தின் ஏடுகள் ஒரு படி நகராட்சியின் காவலிலும் மறுபடி நீதி மாளிகையிலும் இருந்தன. அந்த வாரம் இரண்டு இடமும் எரிந்தன. 1860க்கு முந்திய பாரீஸ்காரர்களின் சுமார் 80 லட்சம் பதிவுகள் சாம்பலாயின. பிறகு பல ஆண்டு பாடுபட்டும் மூன்றில் ஒரு பங்கைத்தான் மீண்டும் எழுதி எடுக்க முடிந்தது. இரண்டு படியும் ஒரே ஊரில் இருந்ததுதான் குற்றம்.

ஆனால் பாருங்கள், காலனிகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருந்தது. 1776 ஜூனில் பதினாறாம் லூயி போட்ட அரசாணைப்படி, காலனிகளின் பதிவேடுகளுக்குக் கூடுதலாக ஒரு படி எழுதிக் கப்பலில் வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும். புதுச்சேரியும் அதில் அடக்கம். ஈரம், கரையான், புயல், யுத்தம் என்று எல்லாம் உள்ள நம் ஊரில் பெட்டியை மட்டும் நம்ப முடியாது என்பது இறகு பேனா காலத்திலேயே புரிந்திருக்கிறது. அந்தப் படிகள் இன்று தென் பிரான்சில் ஏக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு பகுதியை இணையத்திலேயே படமாகப் பார்க்கலாம்.

இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்காரர்கள் 3-2-1 என்று ஒரு விதி சொல்கிறார்கள். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கியது. மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே கரையான் தின்ற ஏட்டின் முன்னால் என் ஹெட் கிளார்க் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்!

சிரித்தவன் கடைப்பிடித்தேனா? இல்லை. அதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

என் மனைவி 2018 ஜனவரியில் தவறினார். அதற்கு முந்திய ஒன்றரை வருடத்தில், பிரான்சில் இருக்கும் பேத்திக்காக அவளை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். காரைக்காலில் சிறுமியாக இருந்த நாட்கள், மாமியார் வீட்டுக்கு வந்த கதை, மீன் குழம்பு, தாலாட்டு. மொத்தம் 37 பதிவுகள். முதல் பதினொன்றுக்குத் தலைப்பை மட்டும் பெயராக வைத்தேன். அப்புறம் குமாஸ்தா புத்தி வந்து, தேதியும் நேரமும் சேர்த்து வைத்தேன். மாலை நாலு நாற்பது என்றால் 16:40. நடுவில் அந்த முக்காற்புள்ளி. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கப் இல்லாமல் இருந்தேனா? இரண்டு இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று டைம்ஷிஃப்ட். லினக்ஸ் மின்ட்டோடு வருகிறது, வரவேற்புத் திரையே அதை முடுக்கச் சொல்கிறது. முடுக்கினேன். வாராவாரம் தானாக ஓடியது. ஆனால் அது காப்பது கம்ப்யூட்டரின் சிஸ்டத்தை. நம் ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை, நாமாகப் போய்ச் சேர்க்கச் சொன்னாலொழிய, அது தொடாது. அரண்மனைக்குக் காவல் போட்டு அரசனை வெளியே விட்ட கதை. மறைத்து வைத்த விஷயமும் இல்லை, திரையிலேயே எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. 38 வருடம் அடுத்தவர் மனுவில் பின்குறிப்பு வரை படித்தவன், என் வீட்டுத் திரையைப் படிக்கவில்லை.

இரண்டாவது, கடையில் வாங்கிய எக்ஸ்டர்னல் டிஸ்க். நல்ல கம்பெனி. பெட்டியைப் பிரித்துச் செருகி, என் ஹோம் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டேன். பாதியில் ஏதோ ஒரு ஃபைலை நகல் எடுக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. ஒரு பொத்தானில் 'ஸ்கிப் ஆல்' என்று இருந்தது. வேலை முடிந்தால் சரி என்று அதை அழுத்தினேன்.

2019 ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு ராத்திரி, கம்ப்யூட்டருக்குள் இருந்த டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றது. சென்னையில் டேட்டா மீட்கும் இடத்துக்கு அனுப்பினேன். தட்டில் கீறல், எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். பரவாயில்லை, வெளியே ஒரு நகல் இருக்கிறதே என்று அந்த டிஸ்கைத் திறந்தேன். பதினொரு பதிவுகள் இருந்தன. இருபத்தாறு இல்லை.

கடையில் வரும் டிஸ்கை எல்லாக் கம்ப்யூட்டரும் படிக்கட்டும் என்று பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பிலோ விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பிலோ தயார் செய்து விற்கிறார்கள். என்னுடையது எக்ஸ்ஃபேட். அதில் ஃபைல் பெயருக்குள் முக்காற்புள்ளி வரக் கூடாது. லினக்ஸில் வரலாம். என் 26 பதிவுகளும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. திருப்பி அனுப்பும்போது என்னிடம் கேட்டுத்தான் அனுப்பினார்கள். நானும் 'ஸ்கிப் ஆல்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தாலாட்டு அந்த இருபத்தாறில் இருந்தது.

டிஸ்க் நல்ல டிஸ்க்தான். இன்றைக்கும் ஓடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், நல்ல டிஸ்க் எது என்ற கேள்வியால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

இனி ஆலோசனை சொல்பவர்களுக்கு வருகிறேன்.

முதலாவது, "பெருசா ஒண்ணு வாங்கிட்டேன்" கட்சி. எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் 5 டெராபைட் டிஸ்க் வாங்கியிருக்கிறார். கம்ப்யூட்டரில் இருந்த போட்டோவெல்லாம் அதற்குள் மாற்றிவிட்டு, இடம் காலியாகட்டும் என்று கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டார். கேட்டால் "பேக்கப் இருக்கு சார்" என்கிறார். ஐயா, அது பேக்கப் இல்லை, இடமாற்றம். ஒரே ஏட்டை இந்த அலமாரியிலிருந்து அந்த அலமாரிக்கு மாற்றி வைத்தால் அது இரண்டு ஏடு ஆகுமா? மேஜையிலிருந்து ஒரு முறை விழுந்தால் நாற்பது வருடக் குடும்பப் படம் போய்விடும். சுழலும் டிஸ்க் ஓடும்போது விழுந்தால் பிழைப்பது அபூர்வம்.

இரண்டாவது, எஸ்எஸ்டி கட்சி. கடைத் தம்பிகள் எல்லாம் இதில்தான். "சார், சுத்துற டிஸ்க்கெல்லாம் பழசு. எஸ்எஸ்டி வேகம், விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது." வேகம் உண்மை, விழுந்தால் தாங்குவதும் உண்மை. பையில் போட்டு எடுத்துப் போக அதுதான் உத்தமம். ஆனால் பேக்கப் டிஸ்கின் வேலை என்ன? வருடத்தில் முக்கால்வாசி நாள் கரண்ட் இல்லாமல் பெட்டிக்குள் சும்மா கிடப்பது. எஸ்எஸ்டியில் எழுத்து மின்னூட்டமாக நிற்கிறது. கரண்ட் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் இன்னும் சீக்கிரம் கசியும். ஜெடெக் என்ற தர அமைப்பின் விதிப்படி, எழுதித் தேய்ந்து ஆயுள் முடிந்த சாதாரண எஸ்எஸ்டி ஒன்று, 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தாங்கினால் போதும். புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும், பயமுறுத்தவில்லை. ஆனால் நம்மூர்க் கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், மூடிய பீரோவுக்குள் 30 டிகிரி என்பது மார்கழிக் கணக்கு. பெட்டியில் கிடக்கப் போகிற பொருளுக்கு வேகத்துக்காக ஏன் அதிக விலை கொடுக்க வேண்டும்? நம் பேக்கப் ஓடும்போது நாம் தூங்கப் போகிறோம்.

இதே கட்சியின் சின்னத் தம்பி ஒருவன் உண்டு. மிக மலிவாக 2 டெராபைட் பென் டிரைவ் என்று விளம்பரத்தில் வருவான். அவன் உள்ளே இருப்பது பெரும்பாலும் சில ஜிபிதான். வெளியே மட்டும் 2 டெராபைட் என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். இடம் தீர்ந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் எழுதுவது. லினக்ஸில் எஃப்3 என்று ஒரு சின்ன நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. சாதனம் முழுக்க எழுதித் திருப்பிப் படித்து, உண்மைக் கொள்ளளவு என்ன என்று சொல்லிவிடும். எந்தச் சாதனம் வாங்கினாலும் முதல் நாளே அதை ஓட்டிப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கிளவுட் கட்சி. என் மகனே அதன் தலைவன். "அப்பா, எதுக்கு இந்தப் பெட்டியெல்லாம்? கிளவுட்ல போடுங்க, நான் பணம் கட்டறேன்" என்கிறான். பிள்ளை பாசத்தில் சொல்கிறான். ஆனால் கிளவுட் என்பது மேகம் இல்லை, எங்கோ ஓர் ஊரில் இன்னொருவருடைய கட்டடம். 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்த்ராஸ்பூரில் அப்படி ஒரு பெரிய டேட்டா சென்டர் தீப்பிடித்து எரிந்தது. வேறிடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் பலருக்கு எல்லாம் போயிற்று. பாரீஸ் எரிந்து 150 வருடம் கழித்து அதே பாடம்.

அதோடு, கிளவுடில் பலர் செய்வது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் சில நாள் கிடக்கும், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கை உள்ளடக்கத்தோடு அழிக்கலாம் என்று கூகிள் 2023இல் விதி அறிவித்தது. நமக்கு எழுபத்தைந்து வயது. நமக்குப் பிறகு நம் கணக்கை யார் தொடுவார்கள்? ஓடிபி வரும் செல்பேசி எண்ணையே ரத்து செய்துவிடுவார்கள். கிளவுட் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாவது படியாக, வெர்சாய்க்குப் போன படியாக, இருக்கட்டும். அதை ஒன்றே ஒன்றாக வைத்துக்கொள்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சரி, கட்சிகளையெல்லாம் திட்டியாயிற்று, நீ என்ன செய்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இரண்டு டிஸ்க். சுழலும் வகை, இரண்டரை அங்குலம், யுஎஸ்பி வயரிலேயே கரண்ட் எடுத்துக்கொள்வது. மூன்றரை அங்குலப் பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும், நமக்கு அந்தத் தொல்லை வேண்டாம். இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே ஜோடியாக வாங்கினால் ஒரே குறை இரண்டுக்கும் இருக்கலாம். அளவு, நம்மிடம் இருப்பதைப் போல மூன்று பங்கு. என்னிடம் இருப்பது 200 ஜிபிக்குள், ஆகவே 1 டெராபைட் தாராளம். பழைய பதிப்புகளும் சேர்ந்து நிற்கும். மூன்று வாரம் முன்பு தவறாக மாற்றி எழுதிய ஒரு கட்டுரையைப் பழையபடி எடுக்க வேண்டுமென்றால் அது வேண்டும்.

வாங்கியதும், உள்ளே ஒன்றும் போடுவதற்கு முன்னால், 'டிஸ்க்ஸ்' என்ற நிரலைத் திறந்து எக்ஸ்ட்4 அமைப்பில் மாற்றிவிடுவேன். அது லினக்ஸின் சொந்த அமைப்பு. பெயரில் முக்காற்புள்ளி வந்தாலும், ஃபைலுக்கு உரியவர் யார், யார் படிக்கலாம் என்ற விவரமெல்லாம் இருந்தாலும், அப்படியே காப்பாற்றும். விண்டோஸ் கம்ப்யூட்டர் அதைச் சாதாரணமாகப் படிக்காது, உண்மைதான். அதனால் டிஸ்கோடு ஒரு லினக்ஸ் மின்ட் பென் டிரைவும் வைத்திருக்கிறேன். எந்தக் கம்ப்யூட்டரையும் அதிலிருந்து கிளப்பி டிஸ்கைப் படிக்கலாம்.

ஃபைல்களுக்கு 'பேக் இன் டைம்'. சிஸ்டத்துக்கு டைம்ஷிஃப்ட். இரண்டுக்கும் வேலைப் பிரிவினை உண்டு, ஒருவர் சீட்டில் மற்றவர் உட்காரக் கூடாது. வேலை முடிந்ததும் திரையில் 'இஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்று சொன்ன பிறகே வயரைப் பிடுங்குவேன். நகல் முடிந்த மாதிரி தெரிந்தாலும் லினக்ஸ் கொஞ்சத்தை நினைவகத்தில் வைத்துப் பின்னால்தான் எழுதும். எப்போதும் செருகியே வைத்திருப்பதும் கூடாது. இடி விழுந்தாலும் வைரஸ் வந்தாலும் செருகியிருப்பதும் சேர்ந்தே போகும்.

ஒரு டிஸ்கின் மேல் 'ஞாயிறு' என்று ஒட்டியிருக்கிறேன், இன்னொன்றின் மேல் 'அமாவாசை'. ஞாயிறு டிஸ்க் வீட்டில், வாராவாரம். அமாவாசை டிஸ்க் கோரிமேட்டில் தங்கை வீட்டில். ஒவ்வோர் அமாவாசையும் தங்கை வீட்டுக்குப் படையல் சாப்பாட்டுக்குப் போவேன், வரும்போது டிஸ்கை எடுத்து வந்து நகல் எடுத்து மறுநாள் திருப்பிக் கொடுப்பேன். "என்ன அண்ணே, ஏடு பதிய வந்தியா?" என்று கேலி செய்வாள்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் ரெயின்போ நகர் என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தரையில் இருந்த சிபியு முழுகியது. மேஜையின் கீழ் இழுப்பறையில் ஞாயிறு டிஸ்க், அதுவும் முழுகியது. இரண்டையும் காய வைத்துப் பார்த்தேன், உயிர் வரவில்லை. அன்றைக்குத்தான் கார்த்திகை அமாவாசை தொடங்கிய நாள், டிஸ்க் மாற்ற வேண்டிய நாள். மழையில் போகவில்லை. ஆக, கோரிமேட்டு டிஸ்கில் தீபாவளி வரையில் உள்ளது பத்திரமாக இருந்தது. போனது ஒரு மாதத்து எழுத்து. அரைகுறையாக இருந்த ஒரு கட்டுரையைத் திரும்ப எழுதினேன். முன்பைவிட நன்றாகவே வந்தது.

பதினொரு பதிவுகளும் பத்திரம்.

இன்னும் இரண்டே விஷயம்.

ஒன்று, திறந்து பார்ப்பது. பதிவேட்டு அறையில் வருடத்துக்கு ஒரு முறை ஏட்டைப் புரட்டி, பக்கம் எண்ணிக் கையெழுத்துப் போடுவோம். எண்ணாத ஏடு இருந்தும் இல்லாததுதான். உலக பேக்கப் தினம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், மார்ச் 31. நமக்கு அது கணக்கு முடிக்கும் நாள், மறக்கவே மறக்காது. அன்றைக்கு டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நான்கைந்து ஃபோல்டரிலிருந்து ஃபைல்களை எடுத்து, திறந்து, கேட்டுப் பாருங்கள். மொத்த ஃபைல் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். 2018 மார்ச்சில் நான் ஒரு முறை எண்ணியிருந்தால், 37 இருக்க வேண்டிய இடத்தில் 11 இருப்பதைக் கண்டிருப்பேன். அப்போது அசல் உயிரோடு இருந்தது. பெயரில் ஒரு புள்ளியை மாற்றியிருந்தால் போதும்.

இரண்டாவது, பூட்டு. டிஸ்க் முழுவதையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள் என்று இளைஞர்கள் சொல்வார்கள். லினக்ஸில் லக்ஸ் என்று அதற்கு நல்ல வசதி இருக்கிறது. ஆனால் அதன் கடவுச்சொல்லை மறந்தால் கடவுளாலும் திறக்க முடியாது. நம் வயதில் மறதியும் மரணமும் அருகருகே நிற்கின்றன. நான் வங்கி, பென்ஷன், ஆதார் காகிதங்கள் உள்ள ஒரு ஃபோல்டரை மட்டும் பூட்டியிருக்கிறேன். கடவுச்சொல் ஒட்டிய உறையில், தங்கையின் பீரோவில். படமும் குரலும் திறந்தே கிடக்கின்றன. திருடன் வந்து என் மனைவியின் மீன் குழம்பைக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். பேத்தியால் திறக்க முடியாமல் போகக் கூடாது.

பிரெஞ்சில் பேக்கப்புக்கு 'சோவ்கார்த்' என்பார்கள். சோவ் என்றால் பத்திரம், கார்த் என்றால் காவல். பத்திரத்தைக் கடையில் வாங்கலாம். காவலை நாம்தான் காக்க வேண்டும். அது வாராவாரம் செய்ய வேண்டிய வேலை, ஹெட் கிளார்க் செய்த வேலை.

மின்துறை நண்பருக்கு இதையெல்லாம் துய்ப்ளே சிலை வரை சொல்லிக்கொண்டே நடந்தேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அதெல்லாம் சரி சார், எந்தக் கம்பெனி வாங்கலாம்?" என்றார்.

"எந்தக் கம்பெனியானாலும் ரெண்டு வாங்குங்க. ஒண்ணை உங்க வீட்டில வைக்காதீங்க" என்றேன்.

நேற்று நடைக்கு வந்தபோது அவர் கையில் ஒரு துணிப்பை. உள்ளே டிஸ்க். "இது உங்க வீட்டில இருக்கட்டும் சார்" என்றார். ரெயின்போ நகர் வேண்டாம், கோரிமேட்டுக்குக் கொண்டு போகிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற அமாவாசைக்குத் தங்கை என்ன கேலி செய்யப் போகிறாளோ தெரியவில்லை.